செல்லைக் கொல்லும் இரும்பு: ஃபெரோப்டோசிஸ் என்றால் என்ன? கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்?

இரும்புச்சத்து என்றதும் நமக்கு முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் மாத்திரை என்று நல்ல விஷயங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். அதே இரும்பு செல்லுக்கு எமனாகவும் மாறும். இரும்பால் நிகழும் இந்தச் செல் மரணத்துக்கு ஃபெரோப்டோசிஸ் என்று பெயர். புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, பார்கின்சன் நோய் பற்றிய ஆய்வுகளில் இந்தப் பெயர் இப்போது அடிக்கடி அடிபடுகிறது. ஆனால் ஒரு செல் இப்படித்தான் செத்தது என்று உறுதியாகச் சொல்வது லேசுப்பட்ட வேலை இல்லை.

செல் சாவதில் என்ன புதுசு?

நம் உடம்பில் செல்கள் தினமும் செத்துக்கொண்டுதான் இருக்கின்றன. பழையதாகிவிட்டால், பழுதாகிவிட்டால், செல் தன்னைத்தானே ஒழுங்காகப் பிரித்துக்கொண்டு மடியும். இதற்கு அப்போப்டோசிஸ் என்று 1972-ல் பெயர் வைத்தார்கள். ரொம்ப காலம், திட்டமிட்ட செல் மரணம் என்றாலே இதுதான் என்ற எண்ணம் இருந்தது.

2003-ல் அமெரிக்காவில் பிரென்ட் ஸ்டாக்வெல் குழுவினர் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சேர்மங்களைப் பரிசோதித்தார்கள். புற்றுநோய் மரபணு ஏற்றப்பட்ட செல்களை மட்டும் கொல்லும் சேர்மம் எது என்பதுதான் தேடல். எராஸ்டின் என்ற ஒன்று சிக்கியது. செல்கள் செத்தன, ஆனால் அப்போப்டோசிஸின் அடையாளம் எதுவும் இல்லை. விடை முழுசாகக் கிடைக்க 9 ஆண்டுகள் ஆனது. 2012-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்காட் டிக்சன், ஸ்டாக்வெல் உள்ளிட்டோர் இது இரும்பைச் சார்ந்த தனி வகை மரணம் என்று காட்டி, ஃபெரோப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

திறந்து வைத்த எண்ணெய் நாளாக நாளாக சிக்கு வாடை அடிக்கும் இல்லையா? காற்றிலுள்ள ஆக்சிஜன் எண்ணெயின் கொழுப்பைச் சிதைப்பதுதான் காரணம். கிட்டத்தட்ட அதே வேதியியல்தான் இங்கேயும். செல்லைச் சுற்றியுள்ள சவ்வு கொழுப்பால் ஆனது. செல்லுக்குள் கட்டுப்பாடில்லாமல் திரியும் இரும்பு இந்தச் சிதைவைத் தூண்டிவிடுகிறது. ஒரு கொழுப்பு மூலக்கூறு கெட்டால் அது பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். சங்கிலி மாதிரி பரவி, கடைசியில் சவ்வு கிழிந்து செல் சாகும்.

இதைத் தடுக்க செல்லில் ஒரு காவலாளி உண்டு. ஜிபிஎக்ஸ்4 என்ற நொதி, கெட்டுப்போன கொழுப்பை உடனுக்குடன் சரிசெய்துவிடும். அதற்கு குளூட்டாதயோன் என்ற பொருள் வேண்டும். எராஸ்டின் செய்வது இந்தப் பொருளுக்கான மூலப்பொருள் செல்லுக்குள் வராமல் வாசலை அடைப்பதுதான். சில புற்றுநோய் செல்கள் மருந்துகளுக்கு அசையாமல் நின்றாலும், இந்த ஜிபிஎக்ஸ்4 இல்லாவிட்டால் பிழைப்பதில்லை. புற்றுநோய் ஆய்வாளர்கள் இதன் மேல் கண் வைத்திருப்பது அதனால்தான்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

அப்போப்டோசிஸைக் காட்டிக்கொடுக்க காஸ்பேஸ்-3 என்ற புரதம் இருக்கிறது. அது செயல்பட்ட தடயம் கிடைத்தால் பெரும்பாலும் விஷயம் முடிந்தது. ஃபெரோப்டோசிஸுக்கு அப்படி ஒரே ஒரு சாட்சி கிடையாது. அதனால் பல சாட்சிகளைச் சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது.

இருப்பதிலேயே நம்பகமானது, செல்லைக் காப்பாற்றிப் பார்க்கும் சோதனை. சாகப்போகும் செல்களுக்கு ஃபெரோஸ்டாடின்-1 என்ற வேதிப்பொருளைக் கொடுப்பார்கள். இது கொழுப்புச் சிதைவின் சங்கிலியை அறுக்கும். இன்னொரு தட்டில் இரும்பைப் பிடித்துக்கொள்ளும் டெஃபராக்ஸமின். தலசீமியா நோயாளிகளுக்குக் கொடுக்கும் அதே மருந்துதான். மூன்றாவது தட்டில் அப்போப்டோசிஸைத் தடுக்கும் மருந்து. முதல் இரண்டிலும் செல் பிழைத்து, மூன்றாவதில் மட்டும் செத்தால் அது ஃபெரோப்டோசிஸ் என்று சொல்ல வலுவான ஆதாரம். போலீஸ் செத்தவரை வைத்து விசாரிக்கும். இங்கே பிழைத்ததை வைத்து விசாரணை!

அடுத்தது சாயம். சி11-போடிபி என்ற சாயம் சவ்வுக்குள் போய் உட்கார்ந்து சிவப்பாக ஒளிரும். கொழுப்பு கெட ஆரம்பித்தால் பச்சைக்கு மாறும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பச்சையைப் பார்த்ததும் முடிவு கட்டிவிட முடியாது. கொழுப்பு கொஞ்சம் கெட்டும் பிழைத்துக்கொள்ளும் செல்கள் உண்டு. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் மைட்டோகாண்ட்ரியா சுருங்கி, அதன் சவ்வு அடர்த்தியாகத் தெரியும். கொழுப்பு சிதையும்போது வெளியாகும் மலோன்டைஆல்டிஹைடு என்ற கழிவையும் அளக்கலாம், ஆனால் அது வேறு காரணங்களாலும் கூடும்.

இந்தச் சோதனைகள் பெரும்பாலும் ஆய்வகத் தட்டிலோ, வெட்டி எடுத்த திசுவிலோ நடப்பவை. உயிரோடு இருக்கும் ஒருவரின் மூளையில் இப்படிச் செல் சாகிறதா என்று பார்த்துச் சொல்லும் வழக்கமான மருத்துவப் பரிசோதனை இன்றைக்கு இல்லை.

இரும்பைக் குறைத்தார்கள், நோய் கூடியது

இதன் விளைவு என்ன? பார்கின்சன் நோயாளிகளின் மூளையில் ஒரு பகுதியில் இரும்பு கூடுதலாகச் சேர்ந்திருக்கும். அப்போ இரும்பை வெளியேற்றினால் நரம்பு செல்கள் பிழைக்குமா? ஐரோப்பாவில் நோய் புதிதாகக் கண்டறியப்பட்ட, அதுவரை லெவோடோபா எடுக்காத 372 பேரிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு 36 வாரம் டெஃபரிப்ரோன் என்ற இரும்பு நீக்கும் மருந்து, மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை.

2022 டிசம்பரில் முடிவு வந்தது. ஸ்கேனில் மூளையின் இரும்பு குறைந்திருந்தது. ஆனால் நோய்த் தீவிர மதிப்பெண், மருந்து எடுத்தவர்களுக்கு 15.6 புள்ளி மோசமாகியிருந்தது. போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 6.3 மட்டுமே. மூளையில் டோபமைன் தயாரிக்கும் நொதிக்கே இரும்பு தேவை என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. ஸ்கேன் இரும்பு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும். அந்த இரும்பு செல்லைக் கொல்கிறதா, வேலை செய்ய வைக்கிறதா என்று காட்டாது.

அப்போ இரும்புச்சத்து மாத்திரை?

டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை இதைக் காரணம் காட்டி நிறுத்தாதீங்க. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நமக்கு முன்னால் இருக்கும் பிரச்சினை அதுதான். உணவிலிருந்து எவ்வளவு இரும்பு உறிஞ்ச வேண்டும் என்பதை உடம்பே ஹெப்சிடின் என்ற ஹார்மோன் மூலம் கட்டுப்படுத்துகிறது. மிச்சத்தை ஃபெரிட்டின் என்ற புரதத்துக்குள் பூட்டி வைக்கிறது. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர்களுக்கு இரும்பு தேங்கும் ஆபத்து உண்டு, அவர்களை டாக்டர்கள் தனியாகக் கவனிக்கிறார்கள்.

நாளைக்கே 'ஃபெரோப்டோசிஸைத் தடுக்கும் கேப்ஸ்யூல்' என்று விளம்பரம் வந்தாலும் ஆச்சரியமில்லை. ஃபெரோஸ்டாடின்-1 இன்றுவரை ஆய்வகத்தில் பயன்படும் வேதிப்பொருள் மட்டுமே, மனிதர்களுக்கான மருந்தாக அங்கீகாரம் பெறவில்லை.