ஆபரேஷன் முடிந்தது, வலிக்கு யார் பொறுப்பு?

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, வீட்டுக்குப் போகலாம்" என்று டாக்டர் சொன்னதும் ஆஸ்பத்திரிக்கு வேலை முடிந்தது. வடகவுஞ்சிக்காரருக்கு அப்போதுதான் ஆரம்பம்!

கொடைக்கானல் மலையில், பழனி ரோட்டில் இருக்கிற ஊர் அது. குடலிறக்கமோ, குடல்வாலோ, சிசேரியனோ, ஆபரேஷன் என்றால் கொடைக்கானலுக்கோ பழனிக்கோ திண்டுக்கல்லுக்கோ போய்த்தான் ஆகவேண்டும். தையல் போட்ட வயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு பஸ்ஸில் குலுங்கி வீடு வந்து சேரவேண்டும். நடுராத்திரி வலித்தால், "இன்னொரு மாத்திரை போடலாமா?" என்று யாரைப் போய்க் கேட்பது?

கையில் இருப்பது ஒரு சீட்டு. அதில் இங்கிலீஷில் நாலு கிறுக்கல். "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்பார் மருந்துக் கடைக்காரர். எத்தனை நாளைக்கு? எப்போது நிறுத்துவது? பதில் இல்லை.

எல்லாருக்கும் ஒரே மாத்திரையா?

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபன் மாத்திரைகள் வலியைக் கேட்கும். ஆனால் வயிற்றுப் புண்ணும் கிட்னி கோளாறும் உள்ளவருக்கு அதுவே வினை. டிரமடால் கொடுத்தால் தலை சுற்றும், குமட்டும். மலை ரோட்டில் கேட்கவே வேண்டாம்! பாராசிட்டமால் சாதுவான மாத்திரைதான். அதுவும் பெரியவருக்கு ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டினால் ஈரலுக்கு ஆபத்து. பல கூட்டு மாத்திரைகளில் அது ஒளிந்திருக்கிறது. தெரியாமல் இரண்டையும் போட்டால் அளவு மீறிவிடும்.

"வலின்னா இருக்கத்தான் செய்யும், பொறுத்துக்கோ" என்பதும் வைத்தியம் அல்ல. வலிக்குப் பயந்து இருமாமல் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டி நிமோனியா வரலாம். நடக்காமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையலாம்.

அந்தப் பக்கம் போதை!

இன்னொரு பக்கம் பாருங்கள். டபென்டடால் என்ற வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் வாலிபர்களைப் போலீஸ் பிடிக்கிறது. டிரமடால் 2018 ஏப்ரலில் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தது. அமெரிக்காவில் ஆபரேஷனுக்குப் பிறகு ஓபியாய்டு மாத்திரைகளை அள்ளிக் கொடுத்தார்கள். மிஞ்சியது வீட்டு அலமாரியில் கிடந்து, வேறு கைகளுக்குப் போனது.

அதற்காகப் பயந்து, தேவைப்பட்டவருக்கும் கையை விரிக்கலாமா? 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால், துடிக்கிற நோயாளிக்கே மார்ஃபின் கிடைக்காமல் போனது. அதைச் சரிசெய்யத்தான் 2014-ல் சட்டத்தைத் திருத்தினார்கள்.

அள்ளிக் கொடுப்பதும் தப்பு, கிள்ளிக் கொடுப்பதும் தப்பு. ஆளைப் பார்த்து, அளந்து கொடுக்கவேண்டும்.

இதற்குக் கோடி ரூபாய் வேண்டியதில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில் ஐந்து வரி போதும்: எந்த மாத்திரை, எத்தனை வேளை, எத்தனை நாள், எதோடு சேரக்கூடாது, எந்த அறிகுறி வந்தால் ஓடி வரவேண்டும். கூடவே ராத்திரியில் எடுத்துப் பேசும் ஒரு போன் நம்பர். மலைக்குப் போகிறவரிடம், "எந்த ஊர், எத்தனை மணி நேர பஸ்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடும்?

கத்தி பிடித்த கை, பேனாவையும் கொஞ்சம் கவனமாகப் பிடிக்கட்டும். சுகாதாரத் துறை கவனிக்குமா?