ஊருக்கு ஒரு வீரர் மட்டும் போதுமா?

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். கடைசி பெஞ்சுக்காரர்களும் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனை உங்களுக்கெல்லாம் தெரியும். 2020 டிசம்பரில் தொடங்கி ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்காக முதன்முதலாக ஆடியவர். டென்னிஸ் பந்தில் வீசிக்கொண்டிருந்த அந்தப் பையனைச் சென்னைக்கு அனுப்பி வைத்தவர் அதே ஊர்க்காரர் ஜெயப்பிரகாஷ். நடராஜனும் நன்றி மறக்கவில்லை. சொந்த ஊரிலேயே கிரிக்கெட் மைதானம் அமைத்தார். 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் வந்து திறந்து வைத்தார்.

மனசு நிறைந்த செய்திதான். ஆனால் ஒரு கேள்வி உறுத்துகிறது. ஜெயப்பிரகாஷ் மாதிரி ஒருவர் இல்லாத ஊரில் பிறந்த பிள்ளை என்ன செய்யும்? கிரிக்கெட் பிடிக்காத பிள்ளை? பெண் பிள்ளை?

இதற்கு ஒரு பதில் ஐஸ்லாந்தில் இருக்கிறது. அந்த நாட்டின் வடக்கே சோய்தார்க்ரோகூர் என்று ஒரு சின்ன ஊர். பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும்! மக்கள் 3,000 பேர்கூட இல்லை. அங்கே 1907-இல் டிண்டாஸ்டோல் என்று பக்கத்து மலையின் பெயரிலேயே ஒரு விளையாட்டுக் கழகம் தொடங்கினார்கள். கால்பந்து, கூடைப்பந்து, நீச்சல், தடகளம், பனிச்சறுக்கு எல்லாம் அந்த ஒரே கழகத்துக்குள். 2021-இல் அதன் பெண்கள் கால்பந்து அணி நாட்டின் முதல்நிலை லீக்கில் ஆடியது. 2023-இல் ஆண்கள் கூடைப்பந்து அணி தேசிய சாம்பியன் ஆனது. முதல் பட்டத்துக்கு நூறு வருஷத்துக்கும் மேல் ஆயிற்று. கழகத்தை யாரும் இழுத்து மூடிவிடவில்லை.

"அது பணக்கார நாடு சார்" என்பீர்கள். 1907-இல் ஐரோப்பாவின் ஏழை நாடுகளில் அதுவும் ஒன்று. அங்கே மைதானத்தையும் உள்ளரங்கத்தையும் பெரும்பாலும் நகராட்சி கொடுக்கிறது. மற்ற வேலைகளைப் பெற்றோரும் ஊர்க்காரர்களும் இழுத்துப்போட்டுச் செய்கிறார்கள்.

பதக்கத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. 1998-இல் அந்த நாட்டில் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தின மாதத்தில் ஒரு தடவையாவது குடித்து போதையாகியிருந்தார்கள். 2016-இல் அது 5 சதவீதம். பிள்ளைகள் இரவில் வெளியே சுற்றக் கட்டுப்பாடு, பெற்றோர் ரோந்து, விளையாட்டுக் கட்டணத்துக்கு உதவித்தொகை என்று பலதும் சேர்ந்து நடந்த மாற்றம் அது. சாயங்காலம் போக ஒரு நல்ல இடமும், பேர் சொல்லிக் கூப்பிட ஒரு பயிற்சியாளரும் இருந்தது அதில் முக்கியப் பங்கு. நம்ம ஊரில் சாயங்காலமானால் பையன்கள் எங்கே நிற்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நம்ம மதுக்கரை இப்போது நகராட்சி. அந்த ஐஸ்லாந்து ஊரைப் போல் பத்து மடங்கு ஜனம் இருக்கிறோம். பொங்கல் வந்தால் கபடி அணி முளைக்கிறது, பனியன் அடிக்கிறோம், கோப்பை வாங்குகிறோம். மாசி பிறப்பதற்குள் அணி கலைந்துவிடுகிறது. ஏழாவது, எட்டாவது வரை பையன்களை முந்தி ஓடின பெண் பிள்ளைகள் பத்தாவதுக்குள் மைதானத்தை விட்டே காணாமல் போவதை இத்தனை வருஷ வாத்தியார் வேலையில் பார்த்திருக்கிறேன். கால் வலு குறைந்தா போனார்கள்? இல்லை. அவர்கள் விளையாட ஒரு அணி இல்லை, பாதுகாப்பாக வீடு கொண்டுவந்து விட ஒரு ஆளும் இல்லை.

அரசு பல வருஷமாகவே ஊராட்சிகளுக்கு விளையாட்டுப் பொருட்கள் கொடுக்கிறது. நல்லதுதான். ஆனால் பந்து வந்தால் போதாது, அதைத் தினமும் ஐந்து மணிக்கு வெளியே எடுக்க ஒரு ஆள் வேண்டும்.

என் யோசனை இது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கம் பதியலாம். என் மாணவர்களில் 200 பேர் மாதம் 100 ரூபாய் போட்டால் 20,000 ரூபாய் ஆகிறது. ஒரு பகுதிநேரப் பயிற்சியாளருக்கும் பந்து, வலைக்கும் அது தாங்கும். கபடி, வாலிபால், ஓட்டம் மூன்றும் போதும். முதல் நாளிலிருந்தே பெண்கள் அணியும் இருக்க வேண்டும். அவர்களோடு தாய்மார் இரண்டு பேர் முறை வைத்து வரட்டும். கட்சி, சாதி, தலைவர் படம் எதுவும் பனியனில் வேண்டாம். ஊர்ப் பெயர் மட்டும் போதும். வரவு செலவை மாதாமாதம் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டிவிடுங்கள். பணத்தில் சந்தேகம் வந்துதான் நம்ம பக்கம் பாதிச் சங்கங்கள் உடைகின்றன.

ஒரு நடராஜன் வந்தால் சந்தோஷம். வராவிட்டாலும் நஷ்டமில்லை, நாற்பது பிள்ளைகள் தினமும் வேர்த்து விறுவிறுத்து, பசியோடு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினால் அதுவே பெரிய லாபம்.

முதல் ஏழு பேர் யாரென்று கீழே எழுதுங்கள். கணக்கு நோட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.