பனிக்காலத்தில் சைக்கிள்: தனிமனித வீரமா, ஊர்ப் பொறுப்பா?

பிப்ரவரி மாதம், காலை ஏழரை மணி. வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் சாலையோரமெல்லாம் பனி குவிந்து கிடக்கிறது. அந்தக் குவியல்களுக்கு நடுவே ஒருவர் சைக்கிளில் வேலைக்குப் போகிறார். அவரைப் பார்ப்பவர்களுக்கு இரண்டே எண்ணங்கள்தான் வரும். ஒன்று, "அப்பா, என்ன தைரியம்!" இன்னொன்று, "இந்த ஆளுக்கு என்ன பைத்தியமா?"

உண்மையில் இரண்டுமே தவறு. அவர் வீரரும் அல்ல, பைத்தியமும் அல்ல. அவருக்கு முன்பே, விடியற்காலையில், ஒரு சிறிய பனி அகற்றும் வண்டி அந்தப் பாதையில் போயிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்!

குளிர்தான் பெரிய தடை என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் மிதிக்க ஆரம்பித்த பத்து நிமிடத்தில் உடம்பு தானாகவே சூடாகிவிடும். புதிதாக ஓட்டுபவர்கள் செய்யும் தவறு, குறைவாக உடுத்துவது அல்ல, அதிகமாக உடுத்துவது. வியர்த்து, அந்த வியர்வை குளிர்ந்துவிட்டால்தான் நடுக்கம் வரும். ஒன்றின் மேல் ஒன்றாக மெல்லிய உடைகள், கைகளுக்கும் காதுகளுக்கும் நல்ல மூடல், ஆணி பதித்த டயர், முன்னும் பின்னும் விளக்கு... இவை இருந்தால் போதும். சாலையில் கொட்டும் உப்பு செயினை அரித்துவிடும் என்பதால் அடிக்கடி துடைத்து எண்ணெய் போட வேண்டும். இதெல்லாம் கடையில் வாங்கக் கூடியவை, வீட்டில் செய்யக் கூடியவை.

எந்தக் கடையிலும் வாங்க முடியாத பொருள் ஒன்று உண்டு. அதுதான் பனி அகற்றிய பாதை. அதைத் தனி ஆள் எவரும் தனக்காக உண்டாக்கிக்கொள்ள முடியாது. ஊர் சேர்ந்து, வரிப்பணத்தில் செய்ய வேண்டிய வேலை அது.

மாண்ட்ரியலில் ஓர் ஆண்டில் சுமார் 2 மீட்டர் பனி விழுகிறது. சாலை, நடைபாதை என்று ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் தூரத்துக்கு அதை அகற்ற வேண்டும். ஓரத்தில் தள்ளினால் மட்டும் போதாது. லாரிகளில் அள்ளிக்கொண்டு போய் பழைய கல் குவாரி போன்ற இடங்களில் கொட்டுகிறார்கள். இதற்கு ஆண்டுக்கு 20 கோடி கனேடிய டாலரை ஒட்டிச் செலவாகிறது. எப்படியும் செலவாகப் போகும் பணம் இது. எனவே கேள்வி, செலவு செய்யலாமா கூடாதா என்பதல்ல. எந்தப் பாதையை முதலில் சுத்தம் செய்வது என்பதுதான்!

இங்கேதான் ஒரு வேடிக்கையான கணக்கு வருகிறது. பல ஆண்டுகளாக அந்த நகரின் பல சைக்கிள் பாதைகள் நவம்பர் நடுவில் மூடப்பட்டு, ஏப்ரலில்தான் திறக்கப்பட்டன. தடுப்புக் கம்பங்களைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் கார்களை நிறுத்த விடுவார்கள். பிறகு, "பனிக்காலத்தில் யார் சைக்கிள் ஓட்டுகிறார்கள்? இதற்குப் போய்ச் செலவு செய்வதா?" என்று கேட்பார்கள். கடையைப் பூட்டிவிட்டு வியாபாரம் இல்லை என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கடையைத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு பின்லாந்தின் ஓலு நகரம் சாட்சி. ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது அந்த ஊர். டிசம்பரில் சூரியன் சில மணி நேரமே தலைகாட்டும். ஆனால் அங்கே பள்ளிப் பிள்ளைகளும் வயதானவர்களும் பனியிலும் சைக்கிளில் போகிறார்கள். காரணம், முக்கியமான சைக்கிள் பாதைகளை காலைப் போக்குவரத்து தொடங்கும் முன்பே சீர் செய்துவிடுகிறார்கள். பனியை முழுவதும் சுரண்டாமல், மேலே கெட்டியாக அழுத்தி, வழுக்காமல் இருக்கப் பொடிக்கல் தூவுகிறார்கள். பனிக்கால சைக்கிள் பயணத்துக்கான முதல் சர்வதேச மாநாடு 2013-ல் இந்த ஊரில் நடந்ததில் ஆச்சரியமில்லை.

சரி, பாதைக்கு முன்னுரிமை தானாக வந்துவிடுமா? வராது. கேட்க ஆள் வேண்டும். மாண்ட்ரியலில் அந்தக் குரல் 1975-லேயே எழுந்தது. ராபர்ட் சில்வர்மன், கிளேர் மொரிசெத் போன்றவர்கள் சைக்கிள்காரர்களுக்காக ஓர் அமைப்பை நடத்தினார்கள். மெட்ரோ ரயிலில் சைக்கிளுக்குத் தடை இருந்தபோது, ஏணியையும் பனிச்சறுக்குக் கட்டைகளையும் தூக்கிக்கொண்டு ரயிலேறி, "இதற்கெல்லாம் இடம் உண்டு, சைக்கிளுக்கு இல்லையா?" என்ற கேள்வியை எழுப்பினார்கள். ஆற்றைக் கடக்க சைக்கிளுக்கு வழி இல்லாதபோது, சில்வர்மன் மோசஸ் வேடம் போட்டு செயின்ட் லாரன்ஸ் நதியைப் பிளக்க முயன்றார்! ஊரே சிரித்தது. ஆனால் சிரித்த ஊர்தான் பிறகு அவர்கள் பக்கம் திரும்பியது. மொரிசெத் 2007-ல் காலமானார். இன்று நகர மையத்தில் ஒரு சைக்கிள் பாதை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்த அமைப்பின் வெற்றியில் கவனிக்க வேண்டிய விஷயம், அவர்கள் சாலையில் போகிறவர்களைத் திட்டவில்லை, சிரிக்க வைத்தார்கள் என்பதே. இன்றைய சைக்கிள் ஆர்வலர்கள் சிலர் இதை மறந்துவிடுகிறார்கள். கார் ஓட்டுபவர் எல்லாரும் எதிரி, பனியில் ஓட்டாதவர் எல்லாரும் சோம்பேறி என்பது போலப் பேசினால் ஆதரவு எப்படிப் பெருகும்? தாடியில் பனி உறைந்த புகைப்படங்கள் வீரத்தைக் காட்டலாம். ஆனால் அதைப் பார்க்கும் ஒரு தாய், "இது நமக்கு ஆகாது" என்றுதான் நினைப்பாள்.

மாறாக, யாருடன் கைகோக்க வேண்டும்? முதலில், நடந்து போகிறவர்களுடன். ஸ்வீடனில் கார்ல்ஸ்கூகா என்ற சிறு நகரம் 2011-ல் பனி அகற்றும் வரிசையை மறுபரிசீலனை செய்தது. அதுவரை பெரிய சாலைகளுக்கே முதலிடம். நடப்பவர்களிலும் பேருந்தில் போகிறவர்களிலும் பெண்கள் அதிகம் என்பதால், அந்த வரிசை அவர்களைக் கடைசியில் தள்ளியிருந்தது தெரிந்தது. உடனே நடைபாதையையும் சைக்கிள் பாதையையும் முதலில் கொண்டுவந்தார்கள். அதே பனி, அதே வண்டிகள். வரிசை மட்டும்தான் மாறியது, செலவு கூடவில்லை. வழுக்கி விழுந்து எலும்பு முறிந்தால் ஆகும் மருத்துவச் செலவையும் கணக்கில் சேர்த்தால், லாபமே!

அடுத்து, கடைக்காரர்களுடன். 2020-ல் மாண்ட்ரியலின் சேன் தெனி தெருவில், ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் சைக்கிள் பாதை வந்தபோது வியாபாரிகள் பலர் எதிர்த்தார்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கட்டுமானக் குழிகளால் ஏற்கெனவே நொந்துபோயிருந்த தெரு அது. இப்போது அங்கே ஆண்டுக்கு 10 லட்சம் தடவைக்கு மேல் சைக்கிள்கள் கடந்து போகின்றன. அவற்றில் போகிறவர்கள் அந்தத் தெருவின் கடைகளிலேயே நின்று பொருள் வாங்கினால், அதைவிடச் சிறந்த பிரசாரம் வேறு கிடையாது. 2023-24 பனிக்காலத்தில் பிக்சி வாடகை சைக்கிள்களும் ஆணி டயருடன் சோதனை முயற்சியாக ஓடத் தொடங்கின. சொந்த சைக்கிள் இல்லாதவரும் ஒருநாள் முயன்று பார்க்கலாம் என்ற நிலை வந்தது.

ஆனால் கிடைத்தது எதுவும் நிரந்தரம் அல்ல. 2017 முதல் மேயராக இருந்து இந்தப் பாதைகளை விரிவாக்கிய வலேரி பிளாந்த், 2025 தேர்தலில் போட்டியிடவில்லை. அந்தத் தேர்தலில் சைக்கிள் பாதைகளே பெரிய விவாதப் பொருளாயின. பாதைகளைத் தணிக்கை செய்வதாகச் சொன்ன சொராயா மார்ட்டினெஸ் ஃபெராடா வெற்றி பெற்றார். தணிக்கை என்பது கெட்ட வார்த்தை அல்ல; பொதுப்பணம் செலவாகும் இடத்தில் கணக்குக் கேட்பது சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் வரவுப் பக்கமும் முழுமையாக எழுதப்பட வேண்டும். அதை எழுத வைப்பது சைக்கிள் ஓட்டுபவர்கள் மட்டும் அல்ல, அவர்களுக்காகப் பேச முன்வரும் ஓட்டாதவர்களும்தான்.

பனிக்கால சைக்கிள் பயணம் என்பது காலின் பலத்தில் நடப்பது போலத் தோன்றும். உண்மையில் அது அக்கம்பக்கத்தாரின் ஆதரவில் நடக்கிறது. ஒரு சிறுமி பனி நாளில் பயமில்லாமல் சைக்கிளில் பள்ளிக்குப் போய்வருகிறாள் என்றால், அது அவள் தைரியத்துக்குக் கிடைத்த வெற்றி அல்ல. தைரியமே தேவைப்படாதபடி செய்த ஊருக்குக் கிடைத்த வெற்றி!