காலி பண்ணின வீட்டுக்கு லேட்டா வந்த கரண்ட் பில்

லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டை, ரெட்டியார்பாளையம்னு எங்க வாடகைக்கு இருந்தவங்களைக் கேட்டாலும் இப்படி ஒரு கதை இருக்கும். வீட்டைக் காலி பண்ணி, அட்வான்ஸையும் திருப்பி வாங்கியாச்சு. மூணு மாசம் கழிச்சு பழைய ஓனர்கிட்டேர்ந்து போன்: "தம்பி, நீங்க இருந்தப்ப எரிச்ச கரண்டுக்கு இப்பத்தான் பில் வந்திருக்கு."

கட்டணுமா, வேணாமா? கட்டணும்ங்கிறதுதான் என் கட்சி. ஆனா கண்ணை மூடிக்கிட்டு இல்லை.

"ரெண்டு வருஷம் ஆச்சுன்னா கேட்கவே முடியாது சார்"னு சிலர் சட்டம் பேசுவாங்க. 2003 மின்சாரச் சட்டத்தோட 56(2) பிரிவைத்தான் சொல்றாங்க. ஆனா 2020-ல் ரஹமத்துல்லா கான் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிடுச்சு. அந்த வழக்கில் 2009-லேர்ந்து 2011 வரைக்கும் தப்பான ரேட்டுல பில் போட்டுட்டு, 2014-ல் கூடுதலா கேட்டாங்க. ரெண்டு வருஷம் தாண்டினா அந்தப் பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்கத்தான் கூடாது, பணம் கேட்கலாம்னு தீர்ப்பு. ஆக, லேட்டா வந்த ஒரே காரணத்தால பில் செல்லாமப் போயிடாது.

அடுத்து, மின்துறைக்கு நம்மைத் தெரியாது. இணைப்பு யார் பேர்ல இருக்கோ அவங்களைத்தான் கேட்பாங்க. அனுபவிச்சது நாம, மாட்டிக்கிறது ஓனர். இதுல நழுவறது நியாயமில்லை.

சரி, எதைக் கட்டணும்?

ஒண்ணு, பில்லைக் கண்ணால பார்க்கணும். போன்ல சொல்ற தொகை பில் ஆகாது. எந்தத் தேதியிலேர்ந்து எந்தத் தேதி வரைக்கும், ரீடிங் என்னன்னு தெரியணும்.

ரெண்டு, நம்ம யூனிட்டுக்கு மட்டும் கட்டணும். புதுச்சேரியில ஸ்லாப் மாசக் கணக்கு: 100, 200, 300 யூனிட்னு ஏறும். வீடு பூட்டியிருந்து மூணு மாச ரீடிங் சேர்ந்து 450 யூனிட் வந்தா, அதை மாசம் 150-ன்னு பிரிச்சுத்தான் கணக்குப் போடணும். ஒரே மாசமா போட்டா கடைசி 150 யூனிட் உச்ச ரேட்டுக்குப் போயிடும். நிறைய பேர் ஏமாறுற இடம் இதுதான்.

மூணு, அபராதம். பில்லைக் கையில வச்சுக்கிட்டு ஓனர் தூங்கினா தாமதக் கட்டணம் அவரோடது. நாம எரிச்சதுக்குத்தான் நாம பொறுப்பு, அவர் மறதிக்கு இல்லை.

அதுக்காகப் பைசா பைசாவா மல்லுக்கட்டவும் வேணாம். 2022-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, மின்சாரம் வாங்குற விலை ஏறினா அந்த வித்தியாசம் ரெண்டு மாசம் கழிச்சுத்தான் பில்லுல ஏறும். அதாவது நம்ம ஏப்ரல் மாசச் சுமையில கொஞ்சத்தை ஜூன்ல குடிவந்தவர் சுமக்கிறார். நாமளும் நமக்கு முன்னாடி இருந்தவரோடதைச் சுமந்திருப்போம். கணக்கு சரியாப் போச்சு :-)

இதுக்கெல்லாம் மருந்து ரொம்பச் சின்னது. சாவி குடுக்கிற அன்னைக்கு மீட்டரை ஒரு போட்டோ எடுத்து, ரீடிங்கை ஒரு பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்குங்க. பில் பாக்கின்னா அட்வான்ஸ்ல ஒரு மாச பில் அளவுக்கு ஓனர் பிடிச்சு வச்சுக்கலாம். முழு அட்வான்ஸையும் பிடிச்சு வைக்கிறது அநியாயம். எந்தத் தேதிக்குள்ள திருப்பித் தருவார்னும் அதே பேப்பர்ல எழுதிக்கணும். பொதுப்பணித்துறை தண்ணி பில்லுக்கும் இதே கதைதான்.

குடிவரும்போது மூணு பக்கத்துக்கு அக்ரிமென்ட் போடறோம். காலி பண்ணும்போதும் ஒரு பக்கம் எழுதினா என்னங்க?