சின்னம் இல்லாத சீருடை: யாரிடம் கணக்குக் கேட்பது?

இராணுவச் சீருடையின் தோள் சின்னம் வெறும் அலங்காரம் அல்ல. அந்த வீரர் எந்த நாட்டவர், எந்தப் படைப்பிரிவினர், அவர் செயலுக்கு யார் பொறுப்பு என்பதை அது சொல்கிறது.

2014 பிப்ரவரி இறுதியில், உக்ரேனின் கிரிமியாவில் சின்னம் ஏதும் அணியாத ஆயுதப் படையினர் தோன்றினர். அவர்கள் உள்ளூர் தற்காப்புப் படையினர் என்றார் ரஷ்ய அதிபர் புட்டின். ரஷ்ய வீரர்களும் அங்கிருந்ததை ஏப்ரலில் ஒப்புக்கொண்டார். அதற்குள் கிரிமியா கைமாறியிருந்தது.

அதே ஆண்டு ஜூலை 17இல் கிழக்கு உக்ரேனில் எம்எச்17 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மாண்ட 298 பேரில் 43 பேர் மலேசியர்கள். அங்கும் முதல் கேள்வி, ஏவுகணை எந்தப் படையுடையது என்பதே. ரஷ்யாவின் 53ஆவது வான் தற்காப்புப் படைப்பிரிவுடையது என அனைத்துலகக் கூட்டு விசாரணைக் குழு 2018இல்தான் அறிவித்தது. ரஷ்யா மறுத்தே வருகிறது.

அடையாளத்தை மறைக்கும் போரில், நியாயத்துக்குக் காத்திருப்பவை மாண்டோரின் குடும்பங்களே.