பெரிய மலையும் சிறிய பிரயாணியும்

ஸ்ரீபெரும்புதூர்வாசிகளுக்கு மலை என்றால் அது திருப்பதி மலைதான். நம் ஊரில் அவதரித்த ஸ்ரீ ராமாநுஜர் அம்மலையைக் காலால் மிதிக்க அஞ்சி முழங்காலால் ஏறினார் என்பது ஐதீகம். ஆகையால், "குழந்தையை அழைத்துக்கொண்டு இரண்டு நாள் ஏலகிரிக்குப் போய் வருவோமே, அண்ணா" என்று தம்பி சொன்னபோது, நம் தாயார் கேட்ட முதற் கேள்வி, "அங்கே எந்தப் பெருமாள் இருக்கிறார்?" என்பதே. முருகன் கோயில் ஒன்று உண்டு என்று தெரிவித்தோம். அரை மனத்துடன் சம்மதம் கிடைத்தது.

'நாம்' என்று எழுதுவது பத்திரிகை மரபு. அச்சொல்லின் பின்னால் பெரும்பாலும் ஒரே ஓர் உபாத்தியாயர்தான் ஒளிந்துகொண்டிருப்பார். இம்முறை அது பொய்யன்று. தாயார், நம் இல்லாள், தம்பி, தம்பியின் மனைவி, அவர்களுடைய ஒன்றரை வயதுப் புதல்வன் ஆகியோருடன் உண்மையாகவே நாம் அறுவர்.

இந்தப் பிரயாணத்துக்குக் காரணம் உல்லாசமன்று. தம்பிக்கு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் உத்தியோகம். வாரத்துக்கு வாரம் ஷிப்டு மாறும். அவன் வீட்டில் இருக்கும்போது குழந்தை உறங்கும். குழந்தை விழித்திருக்கும்போது அவன் உறங்குவான், அல்லது வேலையில் இருப்பான். சில மாதங்களாகக் குழந்தை அவனிடம் போக மறுத்தது. கையை நீட்டினால் தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். தம்பி அதைச் சிரித்துக்கொண்டே சொல்வான். அந்தச் சிரிப்பை நம்மால் பார்க்க முடியவில்லை.

வாடகைக்கு ஒரு கார் ஏற்பாடாயிற்று. குழந்தைக்குரிய இருக்கை உண்டா என்று விசாரித்தோம். எவரும் அப்படிக் கேட்டதே இல்லை என்று பதில் வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு முதலும் ஒரகடத்தில் 2010-ஆம் ஆண்டு முதலும் கார்கள் உற்பத்தியாகி உலகெங்கும் போய்க்கொண்டிருக்கின்றன. அந்த ஊர்க் குழந்தைக்கு வாடகைக் காரில் உட்கார இடமில்லை! 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பாதுகாப்பான இருக்கையிலோ வாரிலோ பிணைக்காமல் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் கூறுகிறது. சட்டம் இருக்கிறது, இருக்கைதான் இல்லை. முடிவில் அண்டை வீட்டாரிடம் இரவல் வாங்கினோம். "பச்சைப் பிள்ளையைக் கட்டிப் போடுவதாவது!" என்று தாயார் வருந்தினார்கள். மடியில் வைத்துக்கொண்டால், கார் திடீரென்று நிற்கும்போது எவ்வளவு பலசாலியின் கரமும் குழந்தையைப் பிடித்து நிறுத்தாது என்று பௌதிக பாடம் நடத்தினோம். பாடம் ஏற்கப்படவில்லை, ஆனால் இருக்கை ஏற்கப்பட்டது.

காஞ்சிபுரத்தை இடப்புறம் விட்டு, வேலூரைத் தாண்டி, ஆம்பூரை அடைந்தபோது பிரியாணி மணம் உள்ளே புகுந்தது. தாயார் கண்ணாடியை ஏற்றச் சொன்னார்கள். வாணியம்பாடிக்கு அப்பால் பொன்னேரியில் மலைப்பாதை தொடங்குகிறது. மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்களின் பெயரையும் வள்ளல்களின் பெயரையும் சூட்டியிருக்கிறார்கள். தமிழ் உபாத்தியாயருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒவ்வொரு வளைவிலும் ஒரு கதை சொல்லத் தயாரானோம்.

பாதி மலையில் குழந்தை வீறிட்டு அழத் தொடங்கியது. காதைக் காதைப் பிடித்துக்கொண்டது. பசியன்று, பயமன்று, காதடைப்பு. உயரம் ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. செவிப்பறைக்கு உள்ளே இருக்கும் காற்றோ பழைய அழுத்தத்திலேயே நின்று பறையை வெளியே தள்ளுகிறது. நாம் எச்சிலை விழுங்கினால், தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் குழல் திறந்து இரண்டும் சமமாகிவிடும். குழந்தைக்கு இந்த உபாயம் தெரியாது. இரண்டு நாளாகச் சிறிது ஜலதோஷம் வேறு. அதனால் அக்குழல் எளிதில் திறக்கவில்லை. ஜலதோஷம் தீரும்வரை பிரயாணத்தை ஒத்திப்போட்டிருக்க வேண்டும். ஆனால் தம்பிக்குக் கிடைத்த சனி, ஞாயிறு மறுபடி எப்போது கிடைக்கும்?

"இருக்கையிலிருந்து அவிழ்த்துவிடுங்கள்" என்று நான்கு குரல்கள் எழுந்தன. ஓடும் காரில் அவிழ்க்க நாம் சம்மதிக்கவில்லை. அகலமான ஓரிடத்தில் கார் நின்றது. தாய்க்கு வளைவுகளால் தலை சுற்றி, எழுந்து நிற்கவே முடியவில்லை. வேறு வழியின்றித் தம்பிதான் குழந்தையைத் தூக்கினான். அது உதைத்தது, திமிறியது, அவன் சட்டையைக் கிழித்துவிடும் போல் இழுத்தது. அவன் ஒன்றும் பேசாமல் தடுப்புச் சுவர் ஓரமாக நடந்தான். டம்ளரிலிருந்து ஒவ்வொரு மிடறாகத் தண்ணீர் புகட்டினான். கால் மணி நேரம் சென்றிருக்கும். அழுகை விம்மலாகி, விம்மலும் அடங்கியது. குழந்தை அவன் மீசையைத் தொட்டுப் பார்த்தது. எத்தனை வள்ளல்களின் பெயரை நாம் தவறவிட்டோமோ, தெரியாது.

ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம். சமவெளியைவிட ஆறேழு டிகிரி வெப்பம் குறைவு. மலைநோய் வரும் உயரமன்று. சின்னக் குழந்தைக்கு அதுவே பொருத்தம். அங்குள்ள சிற்றூர்களில் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். கேரளத்தார் என்று நினைத்துவிடலாகாது. புங்கனூர் ஏரியில் படகு உண்டு, கூட்டமும் உண்டு. குழந்தை மலையையும் பார்க்கவில்லை, ஏரியையும் பார்க்கவில்லை. ஒரு வீட்டு வாசலில் குஞ்சுகளுடன் மேய்ந்த கோழியைத்தான் பார்த்தது. தகப்பனும் பிள்ளையும் அதன் பின்னாலேயே ஞாயிறு காலை முழுவதும் அலைந்தார்கள்.

குழந்தையுடன் மலையேறுவதை நவநாகரிகம் என்று தாயார் கருதியது சரியன்று. முடி இறக்குவதற்காகப் பழனிக்கும் திருத்தணிக்கும் கைக்குழந்தைகளைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து சென்றவர்கள் நம்மவரே. திருமலைக்கு 1944-ஆம் ஆண்டில் மோட்டார் சாலை அமையும்வரை நடையும் டோலியுமே கதி. நடந்து ஏறிய குழந்தைகளுக்குக் காது வலித்திராது. அவ்வளவு மெதுவான ஏற்றம்.

ஞாயிறு இரவு ஊர் திரும்பினோம். இறங்கும்போதும் காதடைப்பு வருமென்று தெரிந்திருந்ததால் முதல் வளைவிலேயே டம்ளர் தயாராக இருந்தது. வீட்டு வாசலில் தாயார், "திருப்பதிக்கு என்றைக்கு? பிள்ளைக்கு இன்னும் முடி இறக்கவில்லையே" என்றார்கள். தம்பி உறங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மற்றொரு கையால் கைப்பேசியில் அடுத்த மாத ஷிப்டு அட்டவணையைத் தேடலானான்.