பெரம்பூரா, வேளச்சேரியா?

சென்னையில் வீடு தேடும் நடுத்தரக் குடும்பத்திடம் "பெரம்பூரில் பாருங்களேன்" என்று சொன்னால் போதும், முகம் சுருங்கிவிடும். "வடசென்னையா? நமக்குச் சரிப்பட்டு வராதுங்க!" அதே குடும்பம் வேளச்சேரி என்றால் இருபது வருடக் கடனுக்கும் கையெழுத்துப் போடும். காரணம் கேட்டால் மூன்று பதில்கள் வரும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் பதில்: "அந்தப் பக்கம் குப்பைமேடு." கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு வடக்கே இருப்பது உண்மைதான். ஆனால் மாநகரின் இன்னொரு பெரிய கிடங்கு பெருங்குடியில், வேளச்சேரிக்குப் பக்கத்தில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேயே அல்லவா வளர்ந்தது? தெற்கே கொட்டினால் மட்டும் குப்பை மணக்குமா?

இரண்டாவது: "மழை பெய்தால் தண்ணீர் நிற்கும்." நிற்கும், மறுப்பதற்கில்லை. பெரம்பூர், புளியந்தோப்பு மக்கள் படாத பாடு படுகிறார்கள். வேளச்சேரி மட்டும் என்ன வாழ்கிறதாம்? 2015 டிசம்பரில் தெருவில் படகு விட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் விட்டார்கள். ஏரியைச் சுருக்கி, சதுப்பு நிலத்தின் ஓரம்வரை கட்டடம் எழுப்பினால் தண்ணீர் எங்கே போகும்? பள்ளிக்கரணைக்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது 2022-ல். அதற்குள் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி காணாமல் போயிருந்தது.

மூன்றாவது: "வசதி கிடையாது." ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955-லேயே பெரம்பூரில் வந்துவிட்டது. பெரிய ரயில்வே மருத்துவமனை அங்கே இருக்கிறது. சென்ட்ரலுக்கு மின்சார ரயில் எப்போதும் உண்டு. வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் வந்ததே 2007-ல்தான்!

அப்படியானால் உண்மையான காரணம் என்ன? அங்கே யார் வசிக்கிறார்கள் என்பதுதான். தொழிலாளிகள், தலித்துகள், இஸ்லாமியர்கள், ஆங்கிலோ இந்தியர்கள் வாழும் பகுதி அது. சினிமாவோ வடசென்னை என்றாலே கையில் அரிவாளைக் கொடுத்துவிடுகிறது. "ஏரியா எப்படி?" என்ற கேள்விக்குள் "ஆட்கள் யார்?" என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது. வேளச்சேரி என்ற பெயரே 'சேரி' என்றுதான் முடிகிறது என்பதை இவர்கள் கவனித்ததே இல்லை போலும்!

இந்த முகச்சுளிப்புக்கு விலை உண்டு. காசு உள்ளவர்கள் ஒதுக்கும் பக்கத்துக்கு நல்ல கடையும் பள்ளியும் தாமதமாகத்தான் வரும். பிறகு அந்தத் தாமதத்தையே காட்டி "பார்த்தீர்களா, வசதி இல்லை" என்பார்கள். வடசென்னை முகவரி சொல்லும் பிள்ளை வேலைக்குப் போகும் இடத்திலும் அதே பார்வையைச் சந்திக்க வேண்டியிருக்கிறது.

பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை என்றால் வேளச்சேரியில் குடியிருப்பது நியாயமே. பாரிமுனையிலோ அம்பத்தூரிலோ வேலை பார்ப்பவர் ஊரைக் குறுக்கே கடந்து தினமும் அல்லாடுவது எதற்காக? ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தத் தெருவில் ஒருமுறை நடந்து பாருங்கள். சுவரில் தண்ணீர் ஏறிய கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். கோடையில் குழாயில் தண்ணீர் வருமா என்று தெருமுனையில் இஸ்திரி போடுபவரைக் கேளுங்கள். வீட்டை முடிவு செய்ய இவை போதும். பக்கத்து வீட்டுக்காரரின் சாதியும் மதமும் கூரையையும் ஒழுக வைக்காது, கிணற்றையும் வற்ற வைக்காது.